மண்ணையும் நீரையும் பேணுதல்: கமக்காரரின் வரவுக் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கமத்தொழிலில் ஈடுபட்டோர் யாவரும் ஒரு போகத்திலேனும் இதன் உண்மையை உணர்ந்திருப்பர். விதைநெல், உழவுகூலி, பசளை, மருந்து, அறுவடைக் கூலி என்று செலவுகளை எழுதி, விற்ற நெல்லின் பெறுமதியை எதிரே எழுதினால் மிஞ்சுவது மிகச் சொற்பமாகவே காணப்படுகின்றது. ஆயினும், அக்கணக்கில் இரண்டு முக்கியமான விடயங்கள் எழுதப்படுவதில்லை. ஒன்று, பணங்கொடுத்து வாங்கிய பசளையிலும் இறைத்த நீரிலும் பயிருக்குச் சேராமல் வீணாகியது எவ்வளவு என்பது. மற்றது, போகத்தின் தொடக்கத்தில் இருந்த மண்ணும் நீரும் போகம் முடிந்தபோது எந்நிலையில் இருக்கின்றன என்பது.

வணிகர் ஒருவர் தம் முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு, அதனை இலாபம் என்று எண்ணுவாராயின் சில ஆண்டுகளில் கடையை மூட நேரிடும். கமக்காரருக்கு முதலாவன வயலின் மண், குளத்து நீர், கிணற்று நீர், பயிருக்கு நன்மை செய்யும் சிற்றுயிர்கள் ஆகியனவாம். இவற்றைப் பேணுதல் வசதி படைத்தோர்க்கு உரிய செயல் என்றும், வயிற்றுப்பாட்டுக்குப் பயிரிடுவோர்க்கு அது மேலதிகச் செலவு என்றும் சிலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது என்பதைக் கணக்கின் வாயிலாகக் காட்டுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட மாகாணத்தினின்றும் எடுக்கப்பட்டுள்ளன. கிளிநொச்சியின் நெல்வயல்களையும் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் மரக்கறித் தோட்டங்களையும் மனத்திற் கொண்டு இது எழுதப்படுகின்றது. விலைகள் போகத்துக்குப் போகம் மாறுவதனால் ரூபாய்க் கணக்கு இங்கே கூறப்படவில்லை. மூடைக் கணக்கும் லீற்றர்க் கணக்குமே கூறப்படுகின்றன. அன்றைய சந்தை விலையை இட்டுப் பெருக்கிப் பார்ப்பது கமக்காரரின் கடன்.

1. வைக்கோல் குப்பையன்று

அறுவடை இயந்திரங்கள் வந்த பின்னர் வைக்கோல் சூடடிக்கும் களத்திற் சேராது, வயலிலேயே வரிவரியாக விழுந்து கிடக்கின்றது. அடுத்த உழவுக்கு இடையூறு என்று கருதி அதற்குத் தீ மூட்டும் வழக்கம் பல இடங்களிற் காணப்படுகின்றது. தீ வைப்பதற்குச் செலவு ஒரு தீக்குச்சியே என்று தோன்றும். உண்மையான செலவு எவ்வளவு என்று பார்ப்போம்.

ஓர் ஏக்கர் வயலில் 80 புசல் நெல் விளைந்ததாகக் கொள்வோம். ஒரு புசல் நெல்லின் நிறை ஏறத்தாழ 21 கிலோகிராம் ஆகையால், இது 1,670 கிலோகிராம் வரையிலாகும். நெல்லின் நிறைக்கு ஏறக்குறையச் சமமான வைக்கோலும் அவ்வயலிற் கிடைக்கும். அதனை 1½ தொன் என்று கொள்ளலாம். ஒரு தொன் வைக்கோலில் நைதரசன் 5 முதல் 8 கிலோகிராம் வரையும், பயிருக்கு வேண்டிய பொட்டாசு 14 முதல் 20 கிலோகிராம் வரையும் உண்டு. எனவே அந்த 1½ தொன் வைக்கோலில் உள்ள பொட்டாசு, 35 முதல் 50 கிலோகிராம் வரையான மியூறியேற்றுப் பொட்டாசுக்குச் சமம். அதாவது, முழுமூடை ஒன்றை நெருங்கும் அளவு. அதில் உள்ள நைதரசன் 16 முதல் 26 கிலோகிராம் வரையான யூரியாவுக்குச் சமம். இது கால்மூடை முதல் அரைமூடை வரையாகும்.

தீ மூட்டும்போது நைதரசன் ஏறத்தாழ முழுவதும் காற்றோடு கலந்துவிடுகின்றது. பொசுபரசில் நாலில் ஒரு பங்கும் பொட்டாசில் ஐந்தில் ஒரு பங்கும் வரையில் இழக்கப்படுகின்றன. மீதிப் பொட்டாசு சாம்பலில் தங்குவது உண்மையே. ஆனால் அச்சாம்பல் வைக்கோல் கிடந்த வரிகளில் மாத்திரம் குவிந்து, வயலெங்கும் பரவாமற் கிடக்கின்றது. முதல் மழை வெள்ளத்தோடு வாய்க்காலுக்குச் சென்றும் விடுகின்றது. இவற்றுக்கும் மேலாக, மண்ணுக்கு உயிர் கொடுக்கும் சேதனப் பொருள் முற்றாக அழிகின்றது.

வைக்கோலை வயலெங்கும் சமமாகப் பரப்பி, விதைப்புக்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்னரே உழுது மண்ணுட் புதைத்தல் வேண்டும். இம்மூன்று வார இடைவெளி மிக முக்கியமானது. புதிய வைக்கோல் உக்கத் தொடங்கும்போது, அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவ்வேளையில் விதைத்தால் இளம்பயிர் மஞ்சளித்து நிற்கும். வைக்கோலைப் புதைத்துப் பார்த்து, "பயிர் கெட்டுவிட்டது" என்று முறையிடும் கமக்காரர் பலர் இவ்விடைவெளியை விடாதவர்களே.

மாட்டுக்குத் தீனியாக வைக்கோல் வேண்டியவர் அதனை எடுத்துக்கொள்ளலாம். அதில் தவறில்லை. ஆயின், தொழுவத்துச் சாணத்தையும் கழிவு வைக்கோலையும் எருவாக்கி அதே வயலுக்குத் திருப்புதல் வேண்டும். நோய் பரவியிருந்த வயலின் வைக்கோலை நேரே புதையாது, கூட்டெருவாக்கி இடுதல் நன்று.

2. பசளையில் பயிர் உண்பது எவ்வளவு?

ஒரு மூடை யூரியாவின் நிறை 50 கிலோகிராம். அதில் 46 வீதம், அதாவது 23 கிலோகிராம், நைதரசனாகும். வெள்ளம் கட்டிய நெல்வயலில் வழமையான முறையில் விசிறப்படும் யூரியாவின் நைதரசனில் பாதிக்கும் குறைவான பங்கையே பயிர் உறிஞ்சுகின்றது. மீதி, வாயுவாகிக் காற்றிற் கலக்கின்றது. அல்லது வெள்ளத்தோடு வரம்பு கடந்து செல்கின்றது. அல்லது மண்ணின் ஆழத்துக்குக் கசிந்து போகின்றது. வாங்கிய இரண்டு மூடைகளில் ஒன்றுக்கு மேல் பயிருக்கு எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

இழப்பு முழுவதையும் தடுத்தல் இயலாது. ஆயினும், பணச்செலவின்றியே அதனைப் பெருமளவு குறைக்கலாம். அதற்குரிய முறைகள் வருமாறு:

(அ) களையைப் பிடுங்கிய பின்னரே பசளை இடுக. களைநிறைந்த வயலில் இடும் யூரியா களைக்கே முதலுணவாகும்.

(ஆ) ஆழ்ந்த வெள்ளத்தில் யூரியாவை விசிறற்க. நீரை வடித்து, ஈரமான அல்லது சற்றுக் காய்ந்த மண்ணில் இட்டு, உடனே நீர் பாய்ச்சினால் பசளை மண்ணுள் இறங்கும்.

(இ) பசளை இட்ட பின் சில நாட்களுக்கு வயல்நீரை வெளியே விடற்க. பெருமழை வருங்குறி காணப்படும்போது பசளையிடுதலைத் தள்ளிவைக்க.

(ஈ) ஒரே முறையில் கொட்டாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுக. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையைப் பயன்படுத்தினால், பயிருக்கு நைதரசன் தேவையா இல்லையா என்பதை வயலில் நின்றபடியே அறியலாம்.

(உ) வரம்புகளில் உள்ள நண்டு வளைகளையும் உடைப்புகளையும் அடைக்க. கசியும் வரம்பு, நீரோடு பசளையையும் அயல் வயலுக்கு அனுப்பிவிடும்.

ரி. எஸ். பி. எனப்படும் முச்சுப்பர் பொசுபேற்றுப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பொசுபரசு நைதரசனைப் போல விரைவில் ஓடிவிடுவதில்லை. மண்ணோடு பிணைந்து தங்குகின்றது. ஆண்டுதோறும் தாராளமாக இடப்பட்ட மரக்கறித் தோட்டங்களில் அது பயிரின் தேவைக்கு மேற்படச் சேர்ந்திருத்தல் கூடும். அத்தகைய நிலத்தில் மேலும் ஒரு மூடை இடுதல் விளைவைக் கூட்டாது. நிலத்தில் இருப்பு எவ்வளவு என்று கண்ணாற் கண்டறிதல் இயலாது. மண் பரிசோதனை ஒன்றே வழி. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து எடுத்த மண்ணைக் கலந்து, அதில் ஒரு சிறு பங்கை விவசாயப் போதனாசிரியர் மூலம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு மூடைப் பசளையின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

3. மிஞ்சிய குளத்து நீரே சிறுபோக நிலம்

இரணைமடு போன்ற பெருங்குளங்களின் கீழ்ப் பயிரிடுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். பெரும்போகத்தில் மழை துணைசெய்யும். சிறுபோகத்தில் குளத்தில் எஞ்சிய நீரே கதி. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அந்நீரின் அளவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே பேணப்பட்ட நீர் நேரே நிலமாக மாறுகின்றது.

ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்டுவதற்கு ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் தேவை. நெற்பயிர் நீரை விரும்புவதாயினும், விதைத்தது முதல் அறுக்கும் வரை வெள்ளத்தில் நிற்கவேண்டுமென்ற நியதி இல்லை. வெள்ளம் கட்டுதலும் காயவிடுதலும் மாறிமாறிச் செய்யும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளிற் பரப்பியுள்ளது. சரியாகக் கைக்கொண்டால் விளைவு குறையாமலே 30 வீதம் வரை நீர் மீதமாகும்.

இதற்குரிய கருவி எளியது. ஓர் அடி நீளமான பிளாத்திக்குக் குழாயை எடுத்து, அதன் கீழ்ப் பாதியில் சுற்றிவரத் துளைகள் இட்டு, துளையுள்ள பகுதி மண்ணுள் ஆறங்குலம் இறங்குமாறு வயலில் நாட்டி, உள்ளே உள்ள மண்ணை அகற்றிவிடவேண்டும். வயலின் மேற்பரப்பில் நீர் வற்றிய பின்னரும் குழாயினுள்ளே நீர்மட்டம் தெரியும். அது நிலமட்டத்திலிருந்து ஆறங்குலம் தாழ்ந்ததும் மீண்டும் இரண்டங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சுக. அதுவரை வேர்களுக்கு ஈரலிப்புக் குறையாது. விதைத்து மூன்று வாரங்களின் பின்னரே இம்முறையைத் தொடங்குக. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பூத்து ஒரு வாரம் பின்னும் வயலைக் காயவிடற்க. அப்பருவத்தில் நீர் குறைந்தால் பதர் மிகும். மணற்பாங்கான வயல்களுக்கும் உவர் ஏறிய வயல்களுக்கும் இம்முறை ஏற்றதன்று.

30 வீதம் எல்லாருக்கும் கிட்டாது போகலாம். ஐந்தில் ஒரு பங்கே மீதமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முன்னர் நான்கு ஏக்கருக்குச் செலவான நீரில் ஐந்து ஏக்கர் பயிரிடலாம். ஆனால் ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். ஒருவர் மாத்திரம் நீரை மிச்சம் பிடித்தால், அது வாய்க்காலின் கடைசியில் உள்ளவருக்கே போய்ச் சேரும். அவருடைய பையில் ஒரு சதமும் கூடாது. ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் யாவரும் ஒருங்கே செய்தால் மாத்திரமே குளத்தின் இருப்பு உயரும். சிறுபோகப் பரப்பும் விரியும். எனவே இதனைத் தனியாள் முயற்சியாகக் கொள்ளாது, கமக்காரர் அமைப்பின் தீர்மானமாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒன்றே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழை சுண்ணக் கற்பாறைகளின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நன்னீர், கீழே உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. வெங்காயம், மிளகாய், மரக்கறி, புகையிலை யாவும் அந்த ஒரே நீரை நம்பியுள்ளன; குடிநீரும் அதுவே.

மிதக்கும் நன்னீருக்கு ஓர் இயல்பு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணிப்பு. அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. மேலே சிறு இழப்பு, கீழே பெரும் இழப்பு. ஒருமுறை உவரேறிய கிணறு நன்னீராதற்குப் பல மாரிகள் வேண்டும். அதுவரை அத்தோட்டம் பயன்தராது. ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல் இதனாலேயே தோட்டக்காரருக்கு நேரடி இலாபமாகின்றது. குளத்தில் நின்று ஊறும் நீர் கிணற்றின் முதலில் வைப்பிடப்படும் பணத்தை ஒக்கும்.

இனி, நீரின் அளவை விட்டு அதன் தன்மையைப் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாகக் கீழிறக்கும் இயல்புடையது. தேவைக்கு மேல் இட்ட யூரியா அந்நீரோடு நைத்திரேற்றாக மாறிக் கிணற்றையே சென்றடைகின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் இதனோடு சேர்கின்றது. குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 1980 ஆம் ஆண்டுகள் தொட்டு நடைபெற்ற ஆய்வுகளில், செறிவாகப் பயிரிடப்படும் வலிகாமப் பகுதிகளின் பல கிணறுகள் இவ்வரம்பைக் கடந்திருக்கக் காணப்பட்டன.

இதனைக் கமக்காரரின் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு கிணற்று நீரில் நைத்திரேற்று சரியாக 50 மில்லிகிராம் என்று கொள்க. அதில் நைதரசன் லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உண்டு. ஓர் ஏக்கர் வெங்காயத்துக்கு ஒரு தடவை 81,000 லீற்றர் வீதம் 25 தடவை இறைத்தால், மொத்தம் 20 இலட்சம் லீற்றர் நீர் செல்கின்றது. அந்நீரோடு தோட்டத்தில் இறங்கும் நைதரசன் ஏறத்தாழ 23 கிலோகிராம். அதாவது, யூரியா ஒரு மூடை கிணற்றிலிருந்தே பாய்கின்றது! அதனைக் கணக்கிற் கொள்ளாத தோட்டக்காரர், கடையிலிருந்து வாங்கி வந்த மூடையையும் வழமைபோல் இடுகின்றார். வெங்காயம் அளவுக்கு மேல் தழைக்கின்றது. குமிழ் பருப்பது தாமதிக்கின்றது. பிடுங்கிய காய் சேமிப்பில் விரைவில் அழுகுகின்றது. உறிஞ்சப்படாத மீதி திரும்பவும் கிணற்றுக்கே செல்கின்றது. அடுத்த போகத்தில் கிணறு இன்னும் கெடுகின்றது. பணங்கொடுத்து வாங்கிய பசளையால் குடிநீரைக் கெடுத்து, பணங்கொடுத்து வாங்கிய எரிபொருளால் அதனை மீண்டும் இறைக்கும் இந்நிலை இரட்டை நட்டமாகும்.

நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டினால், குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நீரைக் கொதிக்க வைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதனால் அது செறிவடையவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் கிணற்று நீரைப் பரிசோதித்தறிதல் இன்றியமையாதது.

செய்யத்தக்கன இவை. கிணற்று நீரைப் பரிசோதித்து, அதிலுள்ள நைதரசனையும் கணக்கிற்கொண்டு யூரியாவின் அளவைப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி குறைக்க. பசளை இட்ட உடனே பாத்தி நிரம்பி வழிய இறைக்கற்க. காலையிலும் மாலையிலும் அளவாக இறைக்க. தூவல் நீர்ப்பாசனமும் சொட்டு நீர்ப்பாசனமும் இயன்றவர் கைக்கொள்க. பூவரசங்குழை, கிளிசரியா, பழைய பனையோலை முதலியவற்றைப் புதைக்கும் நம் முன்னோர் வழக்கத்தைக் கைவிடற்க; சேதனப் பொருள் நிறைந்த மண் நீரையும் பசளையையும் வேர்மட்டத்திலேயே பிடித்து வைக்கும். மருந்து விசிறும் கருவியைக் கிணற்றடியிற் கழுவற்க.

5. நண்பரைக் கொன்று பகைவரை வளர்த்தல்

நெற்பயிர் இளமையாய் இருக்கும்போது இலையைச் சுருட்டும் புழுக்களும் இலையைத் தின்னும் புழுக்களும் தோன்றும். வெளுத்த இலைகளைக் கண்டதும் மனம் பதறி மருந்து விசிறுவோர் பலர். ஆனால் விதைத்து முதல் 40 நாட்களில் பயிர் புதிய மட்டங்களை வெடித்து, இழந்த இலையை ஈடுசெய்யும் ஆற்றல் உடையது. அக்காலத்து இலைச்சேதம் பெரும்பாலும் விளைவைக் குறைப்பதில்லை.

அவ்வேளையில் விசிறும் பூச்சிநாசினி, புழுவோடு சிலந்தியையும் பொறிவண்டையும் தும்பியையும் கொல்கின்றது. இவையே அறக்கொட்டியான் என்று நம் கமக்காரர் கூறும் கபிலத் தத்தியின் இயற்கைப் பகைவர். தத்தியோ நெல்லின் அடித்தண்டில் மறைந்து வாழ்கின்றது. அதன் முட்டைகள் இலையுறையின் உள்ளே இருப்பதனால் மருந்து அவற்றை எட்டுவதில்லை. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது, குஞ்சுகளை உண்பதற்குச் சிலந்திகள் வயலில் இல்லை. பின்னர் குடலைப் பருவத்தில் வயல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோற் காய்கின்றது. முதல் மருந்து இரண்டாம் மருந்துக்கும், இரண்டாம் மருந்து மூன்றாம் மருந்துக்கும் வழிவகுக்கின்றது.

இந்தோனேசியா இப்பாடத்தைப் பெருஞ்செலவிற் கற்றது. அங்கே அரசு மானியவிலையிற் பூச்சிநாசினிகளை வழங்கியபோதும் கபிலத் தத்தி மீண்டும் மீண்டும் பெருகிற்று. 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிநாசினிகளின் உபயோகத்தைத் தடைசெய்து, கமக்காரருக்கு வயலிலேயே பூச்சிகளை இனங்காணப் பயிற்சி அளித்தது. மருந்து குறைந்தது, நெல் விளைவோ குறையவில்லை.

ஆகவே வாரம் ஒருமுறை வயலினுள் இறங்கி, பல இடங்களில் பயிரின் அடித்தண்டை விரித்துப் பார்க்க. தத்தியோடு சிலந்தியையும் எண்ணுக. மிக நெருக்கமாக விதைத்தலும் மிகையாக யூரியா இடுதலும் தத்திக்கு விருந்தாகும் என்பதை மறவற்க. தத்தி கூடிவரக் கண்டால் முதலில் வயல்நீரைச் சில நாட்கள் வடித்துவிடுக. மருந்து இன்றியமையாததாயின், போதனாசிரியர் கூறிய மருந்தை, கூறிய அளவில், தத்தி இருக்கும் அடித்தண்டிற் படுமாறு விசிறுக.

மரக்கறித் தோட்டத்தில் இந்த இலாபம் சந்தையிலும் தோன்றும். பாகல், புடல் முதலியவற்றைத் தாக்கும் பழ ஈக்குப் பொறிகளை வைத்து, விழுந்த காய்களை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்தால் மருந்துத் தேவை வெகுவாகக் குறையும். மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க. நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற விரும்புவோர், இட்ட பசளையையும் விசிறிய மருந்தையும் திகதியோடு எழுதி வைத்திருத்தல் அவசியம். சான்றிதழ் உடனே கூடிய விலையைத் தரும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் தரம் பார்த்து வாங்கும் வணிகர்களின் கதவை அது திறக்கும்.

6. ஒரேயடியாக விடுதலும் நட்டமே

மேற்கூறியவற்றைக் கொண்டு, இரசாயனப் பசளையை முற்றாகக் கைவிடுக என்று கூறுவதாக எவரும் பொருள் கொள்ளலாகாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட பெரும்போகத்தில் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்ததைக் கமக்காரர் எவரும் மறந்திரார்.

காரணம் எளிதிற் கணக்கிடத்தக்கது. இரண்டு மூடை யூரியாவில் உள்ள நைதரசன் 46 கிலோகிராம். நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரையே உண்டு. அந்த 46 கிலோகிராமைக் கூட்டெருவாற் பெறுவதற்கு ஏக்கருக்கு 3 தொன் முதல் 4½ தொன் வரை வேண்டும். அதிலும் ஒரு பங்கே முதற்போகத்திற் பயிருக்குக் கிடைக்கும். அவ்வளவு எருவை ஒரே ஆண்டில் எல்லாரும் தேடிக்கொள்ளுதல் இயலுமா?

சேதனப் பசளை மண்ணைத் திருத்தும். இரசாயனப் பசளை பயிரின் அவசரத் தேவையைத் தீர்க்கும். முன்னதைப் போகத்துக்குப் போகம் கூட்டி, பின்னதில் வீணாவதைக் குறைத்து வருதலே அறிவுடைமை. அவ்வாறு செய்தவர், பசளை தட்டுப்படும் காலத்திலும் விலை ஏறும் காலத்திலும் மற்றவரிலும் குறைவாகவே பாதிக்கப்படுவர். மண்ணிற் சேர்த்து வைத்த வளம் அக்காலத்தில் கைகொடுக்கும்.

7. கணக்குக் கொப்பியும் சோதனைப் பாத்தியும்

இவற்றையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் நிலத்திலேயே சோதித்தறியலாம். வயலில் கால் ஏக்கரையோ, தோட்டத்தில் சில பாத்திகளையோ ஒதுக்கி, அங்கே மாத்திரம் புதிய முறையைக் கைக்கொள்க. மீதி நிலத்தில் வழமைபோற் செய்க. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, கொப்பியில் பின்வருவனவற்றை எழுதி வருக: இட்ட பசளை எத்தனை கிலோகிராம், இறைத்த தடவைகள் எத்தனை, எரிபொருள் எத்தனை லீற்றர், விசிறிய மருந்து எத்தனை தடவை, கூலியாட்கள் எத்தனை பேர், கிடைத்த விளைவு எவ்வளவு.

கூலிக் கணக்கை விட்டுவிடலாகாது. வைக்கோலைப் பரப்புதலும் எரு சுமத்தலும் வரம்பு கட்டுதலும் ஆட்செலவை வேண்டுவன. சில நிலங்களில் முதற்போகத்திற் செலவே மிகுந்து காணப்படலாம். மண்ணிற் சேதனப் பொருள் சேர்வதற்குப் பல போகங்கள் செல்லும். ஆகையால் ஒரு போகத்தோடு தீர்ப்புக் கூறாது, குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க. பசளையை அளந்து இடுதல், வரம்பை அடைத்தல், முதல் 40 நாட்களில் மருந்தைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் முதற்போகத்திலேயே பணத்தை மீதப்படுத்துவன. ஆகவே இவற்றிலிருந்து தொடங்குதல் நன்று.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்க. வைகாசி மாதத்தில் கிணற்று நீர்மட்டம் எத்தனை அடியில் நின்றது? நீரின் சுவையில் உவர் கூடியதா? உழும்போது மண்ணில் மண்புழு தென்பட்டதா? முதல் வளருகின்றதா தேய்கின்றதா என்பதை இம்மூன்று விடைகளும் காட்டிவிடும்.

மண் பரிசோதனை, நீர்ப் பரிசோதனை, இலைநிற அட்டை, பூச்சிகளை இனங்காணும் பயிற்சி ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர், தம் பகுதியின் விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுதல் வேண்டும். அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்தத் தொடங்கும் முன்னரே மண் மாதிரியை எடுத்து ஒப்படைத்தால், பசளை வாங்கும் வேளையில் முடிவு கையிற் கிடைத்திருக்கும்.